பால்மரத்தில் கோடு எந்தப் பக்கம் சரிய வேண்டும்?

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு மறந்துவிடும் என்பதற்காக அல்ல, மற்றவர்களுக்கு மறந்துவிடுகிறது என்பதற்காக.

ஈப்போவில் ஒரு டயர் கடை. நாலு கம்பு நட்டு, தகரம் போட்டு, ஒரே ஒரு ஜாக்கியோடு தொடங்கியது. எதிர்க்கடைச் சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, மூன்று மாதம்கூடத் தாங்காது என்று எல்லோரிடமும் சொன்னார். இன்றைக்கு அங்கே ஒரே நேரத்தில் ஆறு கார்களைத் தூக்கி நிறுத்தலாம். அதில் ஒன்று பெரும்பாலும் அந்தத் தவுக்கேயின் மகனுடையதாக இருக்கும். அடுத்தது ஒரு மாடிவீடு. அதன் வரைபடத்தை நானே கரித்துண்டால் தரையில் போட்டேன். பெரிய படிப்புப் படித்த பிளான்காரர் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார். மாடிக்குப் படிக்கட்டு வேண்டுமாம். அப்புறம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக் கோயிலுக்கு மதில். நான்கு பிள்ளைகளின் படிப்பு. இதில் என் மனைவிக்கும் பங்கு உண்டு என்பதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. கடைசியாக, நாலாம் வகுப்போடு நான் விட்டுவந்த அதே தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறுபது அடி நீளத்தில் ஒரு சுவர்.

அந்தச் சுவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு பெரிய கால்வாய் ஓடுகிறது. முன்பு ரப்பர்க்காடாக இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனையும் வீடமைப்பும் ஆகிவிட்டதால் மழைத்தண்ணீர் முழுக்க அந்தக் கால்வாய்க்குத்தான் வருகிறது. மண் சரிந்து சரிந்து வகுப்பறை வரைக்கும் வந்துவிடும் போலிருந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒன்றரை வருடம் அதைப் பற்றிப் பேசினார்கள். நான் ஒரு சனிக்கிழமை செங்கல்லோடு போய் இறங்கினேன். அடுத்த மாதம் சுவர் நின்றது. என் பேத்தி அந்தப் பள்ளியில் படிக்கிறாள், அதனால் கூட்டத்தில் பேச எனக்கு உரிமை உண்டு. இல்லாவிட்டாலும் பேசியிருப்பேன்.

வெறும் சுவராக நிற்கிறதே, அதில் ஏதாவது எழுதலாம் என்றார் தலைமையாசிரியை. யாரும் எதிர்பார்க்காத அறிவியல் செய்திகள், சரித்திரச் செய்திகள், இயற்கையின் விந்தைகள் என்று பன்னிரண்டு கட்டம். கட்டத்துக்கு ஒரு படம். மேலே பெரிதாக ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று தலைப்பு. தலைப்பைப் படித்ததுமே நான் “தெரியும்” என்றேன்.

உண்மையாகவே எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்பீர்கள். டயர் கடையைப் போன்ற பல்கலைக்கழகம் உலகத்தில் வேறில்லை. ஒரு மனிதனுடைய காரிலிருந்து நாலு சக்கரத்தையும் கழற்றிவிட்டால் அவன் எங்கேயும் ஓட முடியாது. டாக்டரானாலும் சரி, எஞ்சினியரானாலும் சரி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஒரு கோப்பியை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, “நீங்க என்னா வேலை செய்யிறீங்க?” என்று கேட்பேன். நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகள் ஒரு காலத்தில் கடலுக்கடியில் செத்த பவளப்பூச்சிகளும் சிப்பிகளும் என்பதை மண் ஆராய்ச்சி செய்யும் ஒருவர் சொன்னார். இடது முன்சக்கரம் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது அவருக்கு. செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தைக்கு மரத்தில் பெட்டி கட்டி வாடகையில்லாமல் குடிவைக்கிறார்கள் என்று ஒரு தோட்ட மேனேஜர் சொன்னார்.

அறிவியல் குழு என்று ஒன்று அமைத்தார்கள். தலைமையாசிரியை, சங்கத் தலைவர், பணி ஓய்வு பெற்ற ஒரு விஞ்ஞான வாத்தியார். வாத்தியாருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கு வேலைக்கு வந்தவர். சட்டைப் பையில் மூன்று பேனா, அதில் ஒன்று சிவப்பு. மனிதர் நல்லவர். ஆனால் எதைச் சொன்னாலும் முதலில் சிவப்புப் பேனாவைத்தான் எடுப்பார். சுவர் கட்டியவன் என்ற முறையில் நான் அழைக்கப்படாமலே குழுவில் சேர்ந்துகொண்டேன்.

முதல் கூட்டத்திலேயே நான் குழுவைக் கொஞ்சம் கலக்கிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். ரப்பருக்கு இயற்கை நிறம் கறுப்பல்ல, டயரைக் கறுப்பாக்குவது அதில் சேர்க்கும் கரித்தூள், அந்தக் காலத்து முதல் டயர்கள் வெளுப்பாகத்தான் இருந்தன என்றேன். தலைமையாசிரியை எழுந்துபோய்ச் சன்னல் வழியாகத் தன் காரைப் பார்த்துவிட்டு வந்தார். எல்லாப் பொருளும் சூடானால் விரியும், இழுத்துக் கட்டிய ரப்பர் மட்டும் சூடானால் சுருங்கும் என்றேன். வாத்தியார் சிவப்புப் பேனாவைத் திறந்தார். நான் பையிலிருந்து பழைய டியூபில் அறுத்த ஒரு பட்டையை எடுத்து, ஆணியில் மாட்டி, கீழே ஒரு ஸ்பேனரைத் தொங்கவிட்டு, என் மருமகளிடம் கேட்காமல் எடுத்துவந்த தலைமுடி காயவைக்கும் மெஷினை வைத்துச் சூடு காட்டினேன். ஸ்பேனர் மெல்ல மெல்ல மேலே ஏறியது. வாத்தியார் பேனாவை மூடிவிட்டு, அடிக்கோலால் இரண்டு தடவை அளந்து பார்த்தார். அன்றைக்குக் கூட்டத்துப் பலகாரத்தில் எனக்குக் கறிபஃப் இரண்டு வந்தது.

செம்பனைக் கட்டத்துக்கு நான் ஓர் ஆளையே கொண்டுவந்தேன். என்னோடு அதே தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிய அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவர், நாக்கு முப்பது வயது மூத்தது. கல்யாணமாகிப் பாகான் டத்தோ பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குப் போனபோது அங்கே அக்காவுக்கு என்ன வேலை தெரியுமா? பனம்பூவுக்கு மகரந்தத்தூள் ஊதிவிடுவது. காற்றும் தேனீயும் செய்ய வேண்டிய வேலையைச் சம்பளத்துக்குச் செய்திருக்கிறார்கள். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து எள்ளளவு வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அது தானே பூவுக்குப் பூ போய் வேலையை முடித்துவிட்டது. “எத்தனையோ பேருக்கு வேலைய மெசின் பிடுங்கிச்சு. எனக்கு ஒரு வண்டு பிடுங்கிச்சு லா,” என்று அக்கா சொன்னதைத் தலைமையாசிரியை அப்படியே எழுதிக்கொண்டார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பதினோரு கட்டம் முடிந்து பன்னிரண்டாவதாகப் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வரைந்தார்கள். ஈப்போவில் பழைய கடைச் சுவர்களில் படம் போடும் ஒரு சீனப் பெண்தான் ஓவியர். அழகான மரம். இலை, காய், பட்டையில் பாசி எல்லாம் அச்சாக இருந்தது. நான் எட்டடி தள்ளி நின்று பார்த்தேன்.

பால் வடியும் கோடு வலது பக்கம் மேலே தொடங்கி இடது பக்கம் கீழே இறங்கியது.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இது ஒன்றுமில்லை. மரத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் கோடு இடது மேலிருந்து வலது கீழே சரிய வேண்டும். பால் அந்தச் சரிவில் ஓடிவந்து, தகரப் பீலி வழியாகக் கீழே கட்டிய மங்குக் கோப்பையில் சொட்டும். இந்த நாட்டில் எத்தனை லட்சம் மரம் உண்டோ அத்தனையிலும் அப்படித்தான். நான் அன்றைக்கே குழுவைக் கூட்டச் சொன்னேன். திறப்பு விழாவுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

படத்தில் கோடு எந்தப் பக்கம் போனால் என்ன என்று சங்கத் தலைவர் கேட்டார். அவர் இன்சூரன்ஸ் விற்பவர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் விளக்கினேன். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக மேலே போவதில்லை. கொஞ்சமாக வலது பக்கம் சாய்ந்து, திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. அதனால் வலது பக்கம் இறங்கும் கோடு அதிகக் குழாய்களை அறுக்கும், பால் அதிகம் வரும். மாற்றிச் சீவினால் குறைவான குழாய்தான் அறுபடும். இவ்வளவுதான் சங்கதி.

எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றார் வாத்தியார். ரப்பர் ஆராய்ச்சி செய்த ஒருவர் என் கடையில் பஞ்சர் ஒட்டும்போது சொன்னார் என்றேன். தலைவர் சிரிப்பை அடக்கக் கறிபஃபை வாயில் வைத்துக்கொண்டார்.

வாத்தியார் அப்படிச் சிரிக்கிறவர் இல்லை. கைப்பேசியில் தேடினார். ஒரு படத்தில் கோடு இந்தப் பக்கம், இன்னொரு படத்தில் அந்தப் பக்கம். அச்சுப் போடுகிறவர்கள் படத்தைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள் என்றேன். இருக்கலாம், ஆனால் எதைத் திருப்பினார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“பஞ்சர் கடைக் கதையை நம்பிச் சுவரில எழுத ஏலாது. படத்தை நம்பியும் எழுத ஏலாது. மரத்தையே கேட்டுப் பாப்பம்,” என்றார்.

எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. மரம் நான் சொன்ன மாதிரி சொல்லாவிட்டால் இனிமேல் இந்தச் சங்கத்தின் எந்தக் கூட்டத்திலும் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் அறையில் ஏற்பட்ட மலர்ச்சியை நான் மறக்க மாட்டேன். சோதனைக்கு எதிராக அதுவரை பேசிக்கொண்டிருந்த தலைவர், எழுந்து அதை முன்மொழிந்தார். கூட வந்திருந்த சங்கப் பொருளாளர் வழிமொழிந்தார். கூட்ட அறிக்கையில் ஏற்றிவிட்டார்கள்.

நான் ஏன் இவ்வளவு துள்ளினேன் என்பதையும் சொல்ல வேண்டும். கோபம் படத்தின் மேல் மட்டும் இல்லை.

நான் இடக்கைக்காரன். பதினாலு வயதில் எனக்கு நிரை கொடுத்தார்கள். நிரை என்றால் ஓர் ஆள் சீவ வேண்டிய மரவரிசை. சின்னப் பையனுக்கு நல்ல மரத்தைக் கொடுப்பார்களா? வெட்டிச் சாய்க்கப்போகிற கிழட்டு மரங்கள். நல்ல மரமென்றால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து பட்டையில் கோடு போட்டுத் தருவார். சாகப்போகிற மரத்துக்கு யார் கோடு போடுவது? எங்கே வேண்டுமானாலும் சீவிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். நான் என் கைக்கு வந்தபடி சீவினேன். இடது கை வலது மேலிருந்து இடது கீழேதான் இழுக்கும்.

பால் குறைந்தது. தினமும் குறைந்தது. பக்கத்து நிரையில் அக்கா வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருவார். என் வாளி ஆடிக்கொண்டே வரும். நிறுக்கிற இடத்தில் மண்டோர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். தூங்குகிறான் என்றார். பிறகு, வெளியே யாருக்கோ பாலைக் கொடுக்கிறான் என்றார். ஒருநாள் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில், எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, ‘பால் களவாணி’ என்று கூப்பிட்டார். அந்தப் பெயர் பட்டையில் காய்ந்த ஒட்டுப்பால் மாதிரி ஒட்டிக்கொண்டது. புல்வெட்டுக்கு மாற்றினார்கள். அதிலிருந்துதான் ஈப்போவுக்கு ஓடிவந்தேன். ஆறு கார் தூக்குகிற கடை வைத்த பிறகும், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் அந்தத் தோட்டத்துக் கிழடுகளில் ஒன்று, “டேய், பால் களவாணி, மோரு போதுமா?” என்று கேட்கும். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பஞ்சர் ஒட்டவந்த அந்த ஆராய்ச்சிக்காரர் குழாய் சாய்ந்திருக்கும் கதையைச் சொன்ன அன்றைக்கு நான் கையிலிருந்த டயரைக் கீழே வைத்துவிட்டேன். அவரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவருக்கு ஒட்டுக்கூலி வாங்கவில்லை. ஆனால் இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? மண்டோர் செத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. சொன்னால் சாக்கு என்பார்கள். இப்போது நானே கட்டிய சுவரில், என்னைக் களவாணியாக்கின அந்தக் கோட்டையே சரியான கோடு என்று வரைந்துவைத்திருந்தால் நான் சும்மா இருப்பேனா?

கோப்பெங்குக்கு வெளியே ஒரு மலாய்க்காரருக்கு, பாக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிடுவோம், கொஞ்சம் ரப்பர் நிலம் இருக்கிறது. பெரியவர் என் கடைக்கு வாடிக்கை. முட்டி வலியால் சில மாதமாகச் சீவாமல் போட்டிருந்தார். பத்து மரம் கேட்டேன். எதற்கு என்றார். பள்ளிக்கூடச் சுவருக்கு என்றேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனால் ‘போலே’, ஆகட்டும், என்று தலையாட்டிவிட்டார்.

திட்டம் என்னுடையது. ஐந்து மரத்தை அக்கா வலது கையால் சரியான பக்கம் சீவுவார். ஐந்து மரத்தை நான் இடது கையால் தப்பான பக்கம் சீவுவேன். அக்காவுக்குப் பால் கூட வரும், எனக்குக் குறைய வரும், வாத்தியார் சிவப்புப் பேனாவைச் சட்டைப் பைக்குள் வைப்பார். முதல் இரண்டு நாள் பட்டையில் புதுக் கோடு திறப்பதிலேயே போனது. மூன்றாவது காலை எல்லோரும் வந்தார்கள். வாத்தியார் பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து அளவு போட்ட கண்ணாடிக் குவளை கொண்டுவந்திருந்தார். தலைவர் எதற்கு வந்தார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அக்கா கத்தியை எடுத்துக் கட்டைவிரலில் கூர் பார்த்தார். எழுபது வயதுக்கு மேலே ஆகிறது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு முதல் மரத்துக்கு முன்னால் நின்றதும் முதுகு நேராகிவிட்டது. சர்ரென்று ஒரே இழுப்பு.

“என்னா, களவாணி? ஒனக்கு இன்னும் கத்தி பிடிக்கத் தெரியுதா? இல்ல, டயர் கழட்டுற மாதிரி ஸ்பேனர் கொண்டாரச் சொல்லவா?” என்றார்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். உண்மையை எழுதுகிறவன் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சோதனை மறந்துபோனது. சங்கம் மறந்துபோனது. ஐம்பத்தைந்து வருடத்துக்கு முந்திய அந்த ஆடுகிற வாளி மட்டும்தான் ஞாபகம் வந்தது. இந்த அக்காவை இன்றைக்கு ஒரு தடவையாவது ஜெயிக்காமல் விடுவதில்லை என்று கத்தியைப் பிடித்தேன். பட்டையில் கட்டைக்கு மேலே ஒரு வெற்றிலை கனம் விட்டுச் சீவ வேண்டும் என்பது விதி; நான் அந்த வெற்றிலையையும் எடுத்தேன். பாதி மரம்தான் சுற்றிச் சீவ வேண்டும். நான் முக்கால் மரத்தைச் சுற்றினேன். பால் கொட்டியது. அந்தக் கை பட்டால் மரம் கொட்டாமல் என்ன செய்யும்?

வெயில் ஏறியதும் வாத்தியார் மங்கு மங்காகக் குவளையில் ஊற்றிப் பார்த்தார். என்னுடைய ஐந்து மரத்துப் பால் அக்காவின் ஐந்து மரத்தைவிட நன்றாகவே கூடியிருந்தது. நான் கையை உயர்த்தினேன். யாரும் கைதட்டவில்லை. தலைவர் மட்டும் கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினார். சங்கத்தின் வாட்சாப்பில் சிரித்த முகங்களாக வந்து விழுந்தன.

“நீ ஜெயிச்சியா, தோத்தியா?” என்று அக்கா கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கையை இறக்கினேன்.

அக்கா என் மரங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். சீவிய இடத்தில் விரலை வைத்தார். கட்டை தெரிந்தது. பாக்சிக்கும் வந்து பார்த்துவிட்டுத் தன் முட்டியைத் தடவிக்கொண்டார். அக்கா என்னைப் பேசிய பேச்சை அச்சில் போட முடியாது. சாரம் இதுதான்: தோற்க வேண்டிய இடத்தில்கூட ஒழுங்காகத் தோற்கத் தெரியாதவன், மரத்தையும் கொன்றான், பேச்சையும் கெடுத்தான்.

வாத்தியார் நோட்டில் எல்லாவற்றையும் எழுதிமுடித்தார். எனக்கு வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் பேச்சு வராமல் இருந்ததில்லை. பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று தோன்றியது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். கல்யாண வீட்டு மோரையும் நினைத்துப் பார்த்தேன்.

“இது முடிவில்லை, அண்ணே,” என்றார் வாத்தியார். “ரெண்டு கை, ரெண்டு ஆள், ரெண்டு ஆழம். நாங்கள் மரத்தைச் சோதிக்கேல்லை. உங்கடை ரோசத்தைத்தான் சோதிச்சிருக்கிறம்.”

தலைவர் மறுத்துப் பார்த்தார். அறிக்கையில் ஒரு சோதனை என்றுதான் இருக்கிறது என்றார். தப்பான சோதனை சோதனையே இல்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அந்த மனிதரை நான் அதற்கு முன் என்னென்னவோ நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன். இலங்கையிலிருந்து அவருடைய தாத்தா வந்த அதே கடல் வழியாகத்தான் பால்மரக் கன்றுகளும் இந்தப் பக்கம் வந்தன என்று அவர் ஒருநாள் சொல்லியிருந்தார். மரமும் மனிதரும் ஒரே மாதிரி: சரியான பக்கம் கீறினால்தான் உள்ளே இருப்பது வரும்.

புதுத் திட்டம் வாத்தியாருடையது. வேறு பத்து மரம். சுற்றளவு அளந்து, ஏறக்குறைய ஒரே அளவு மரங்களாகச் சோடி சேர்த்தார். எல்லா மரத்தையும் அக்கா ஒருவரே சீவ வேண்டும். ஐந்து மரத்தில் வலதுபக்கச் சரிவு, ஐந்து மரத்தில் இடதுபக்கச் சரிவு. ஒரே நீளம், ஒரே சாய்வு, ஒரே ஆழம். எது எந்தப் பக்கம் என்பதை நானோ தலைவரோ தீர்மானிக்கக் கூடாது. காசு சுண்டித் தீர்மானித்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று வாரம். எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: மரத்திலிருந்து பத்தடி தள்ளி நிற்பது.

அந்த மூன்று வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே, கடை தொடங்கிய காலத்தில்கூடப் பட்டதில்லை. அக்கா இடதுபக்கச் சரிவைச் சீவும்போது நான் மனதுக்குள் ‘குறை, குறை’ என்பேன். ஒருநாள் தப்புப் பக்கத்து மரமொன்று மங்கு நிறையக் கொடுத்துவிட்டது. அந்த மரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒருநாள் மழை வந்து எல்லா மங்கையும் கெடுத்தது. அந்த நாளைக் கணக்கில் சேர்க்கச் சொல்லித் தலைவர் வாதாடினார். அக்கா நடுநடுவே, தான் நினைத்தால் இரண்டு அங்குலம் கூட்டியோ குறைத்தோ இழுத்து யாரை வேண்டுமானாலும் ஊமையாக்க முடியும் என்று என் காதில் விழும்படி பாக்சிக்கிடம் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியார் ஒவ்வொரு வெட்டையும் நூல் வைத்து அளந்தார். அக்கா ஒரு மயிரிழை தப்பியதில்லை.

கடைசி நாள் வாத்தியார் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை கூட்டினார். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்த கோடுகளை நெருக்கமாகப் போட்டு, மரத்தைச் சுற்றி ஒட்டினார். அதன் மேலே அக்காவின் கத்திப் போக்கில் ஒரு கோடு, என் கத்திப் போக்கில் ஒரு கோடு இழுத்தார். எது எத்தனை கோட்டை அறுக்கிறது என்று எண்ணச் சொன்னார். அக்கா எண்ணினார். பாக்சிக் எண்ணினார். தலைவரும் வேண்டா வெறுப்பாக எண்ணினார். அக்காவின் கோடு அதிகம் அறுத்தது, என் கோடு குறைவாக அறுத்தது. மங்கில் வந்த பாலும் மூன்று வாரக் கணக்கில் அதையேதான் சொன்னது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு பதினாலு வயதுப் பையனின் வாளி தினமும் ஆடுவதற்கு அது போதும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அனுமதி கிடைத்தும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அக்கா கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

“அப்பவே சொன்னேன், மரத்துக்கு எதிரா இழுக்காதேன்னு. கேட்டியா? என் கை இப்படித்தான் வரும்னே,” என்றார். கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்தார். “சரி, போ. நீ களவாணி இல்ல லா. மக்கு, அவ்வளவுதான்.”

ஐம்பத்தைந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அது. நான் வாங்கிக்கொண்டேன்.

ஓவியர் வந்து அரைநாளில் கோட்டை மாற்றிப் போட்டார். பழைய கோடு பாசிக்குள் மறைந்துவிட்டது. கீழே எழுத வேண்டிய வாசகத்தை வாத்தியார் எழுதினார். நல்ல தமிழ், எனக்கே என் கண்டுபிடிப்பு புதிதாகத் தெரிந்தது. திறப்பு விழாவுக்குக் கூட்டம் வந்தது. பழைய தோட்டத்து ஆட்கள் பன்னிரண்டாவது கட்டத்துக்கு முன்னால்தான் அதிகம் நின்றார்கள். ஒருவர் தன் கையை மரத்துக்கு நேராகப் பிடித்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் காற்றில் இழுத்துப் பார்த்தார்.

நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் படித்தேன். ஆய்வு நெறியாளர் என்று வாத்தியார் பெயர் இருந்தது, நியாயம். பால்வெட்டு என்று அக்காவின் பெயர், நியாயம். மரம் தந்தவர் என்று பாக்சிக்கின் பெயர், ஓவியரின் பெயர், ஒத்துழைப்பு என்று தலைவரின் பெயர்கூட. அவர் என்ன ஒத்துழைத்தார் என்று நான் கேட்கப்போவதில்லை. என் பெயரை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினேன். இல்லை.

கேட்டேன். சுவரின் கோடியில் பளிங்குக்கல்லில் ‘சுவர் உபயம்’ என்று உங்கள் பெயர் பெரிதாக இருக்கிறதே என்றார்கள். தகவலுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் ஆய்வு இருக்கிறது, பஞ்சர் கடையை எப்படிப் போடுவது என்றார் தலைவர். வாத்தியார் மட்டும் ‘யோசிக்க வேண்டிய விசயம்’ என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் யோசித்து இரண்டு மாதமாகிறது.

ஆகவே இதை எழுத்தில் வைக்கிறேன். செங்கல் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அந்தப் பளிங்குக்கல்லை நாளைக்கே பெயர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கோடு தப்பு என்று முதலில் சொன்னவன் நான். குழாய் சாய்ந்திருக்கிறது என்று சொன்னவன் நான். அது இல்லாவிட்டால் சோதனையே கிடையாது. அதற்கும் முந்தி, பதினாலு வயதில், கிழட்டு மரங்களில், ஒரு வருடத்துக்கு மேல், சம்பளமும் பெயரும் கெட, அந்தச் சோதனையைத் தனியாகச் செய்துமுடித்தவனும் நான்தான். எந்த வாத்தியாரும் அப்போது குவளையோடு வரவில்லை. பன்னிரண்டாவது கட்டத்தில், வேருக்குக் கீழே நாலு விரல் இடம் இருக்கிறது, அளந்துவிட்டேன். அங்கே இந்த இரண்டு வரி வர வேண்டும்: முதல் சோதனை செய்தவர் என்று என் பெயர். அதற்குக் கீழே, அவர் பால் குறைந்தது மரத்தின் சாய்வினால், களவினால் அல்ல என்று. எழுத்து, கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் காரை நிறுத்தாமலே படிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.